பெருமை பாராட்டல் பாவமா?

‘பெருமை’ என்னும் சொல் நம் மறையுரை மேடைகளில் படும் பாடு சொல்லுந் தரமன்று. தவக்காலம் வந்துவிட்டால் போதும். தலையான பாவங்கள் ஏழனுள் முதலாவதாக நிற்கும் அகங்காரத்தின் மறுபெயராகவே அது பேசப்படும். வானதூதர் வீழ்ந்தது பெருமையால். ஆதாம் வீழ்ந்தது பெருமையால். ஆகவே, சகோதரனே, நீ பெருமை பாராட்டாதே, தலை குனிந்து நில், கொடுத்ததை வாங்கிக்கொள், கேள்வி கேளாதே. இவ்வாறு முடியும் மறையுரையை ஆலயத்தின் கடைசிப் பகுதியில் தரையில் அமர்ந்து கேட்பவர் யார் என்று திரும்பிப் பார்த்தால் ஓர் உண்மை விளங்கும்: பெருமை பாராட்டுவதற்கென்று ஊரும் உலகமும் அவருக்கு எதையும் விட்டுவைத்ததில்லை. அதே ஆலயத்தின் வாயிற்படியிலும், கொடிமரத்தின் அடியிலும், மின்விசிறியின் இறக்கையிலுங்கூட ‘உபயம்’ என்று தொடங்கி ஒருவருடைய பெயரும் பட்டமும் குடும்பமும் பளிச்சென்று எழுதப்பட்டிருக்கும். அதைக் குறித்து மறையுரையில் ஒரு சொல்லும் வாராது.

இந்த முரண்பாட்டுக்குப் பல காரணங்கள் உண்டு. அவற்றுள் ஒன்று, புதிய ஏற்பாட்டின் ஒரு கிரேக்கச் சொல்லை நாம் பாதி மட்டுமே படித்து வைத்திருப்பது. அந்தப் பாதிப் படிப்பு தற்செயலாக நேர்ந்ததன்று, சிலருக்கு அது வசதியாகவும் இருக்கிறது என்பதே இக்கட்டுரையின் வழக்கு.

‘கௌக்காஓமாய்’ என்பது அந்த வினைச்சொல். அதிலிருந்து பிறந்த பெயர்ச்சொற்கள் இரண்டு: ‘கௌக்கேமா’, ‘கௌக்கேசிஸ்’. வினையும் பெயருமாகப் புதிய ஏற்பாட்டில் ஏறத்தாழ 60 இடங்களில் இவை வருகின்றன. நற்செய்தி நூல்கள் நான்கிலும் ஓரிடத்தில்கூட இல்லை. யாக்கோபு திருமுகத்தில் சில இடங்கள், எபிரேயர் திருமுகத்தில் ஓரிடம்; மற்றவை யாவும் பவுலடியார் பெயரால் வழங்கும் திருமுகங்களில்தாம். அவற்றிலும் ஏறத்தாழப் பாதி, கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் திருமுகம் ஒன்றிலேயே குவிந்து கிடக்கிறது. பெருமை பாராட்டல் வெறும் பாவமே என்றால், திருத்தூதருள் மிகுதியாக எழுதியவர் அந்தப் பாவத்தை இத்தனை முறை தம்மைப் பற்றியே சொல்லிக்கொண்டது ஏன்? ‘அது அவருடைய குணக்குறை, சூடான இரத்தம், பழைய பரிசேயப் பழக்கம்’ என்று விளக்கம் சொல்வோர் உண்டு. திருத்தூதரைத் திருத்த முற்படுமுன் அவர் எந்த அகராதியை வைத்துக்கொண்டு பேசினார் என்று பார்ப்பது நலம்.

அவருடைய அகராதி கிரேக்கத் தெருவிலிருந்து மட்டும் வந்ததன்று. எழுபதின்மர் மொழிபெயர்ப்பு எனப்படும் கிரேக்கப் பழைய ஏற்பாடே அவர் நாவில் ஊறிய நூல். எரேமியா 9ஆம் அதிகாரத்தின் இறுதிப் பகுதியில் இறைவாக்கினர் மூவரை நிறுத்துகிறார்: ஞானி, வலியவர், செல்வர். ஞானி தம் ஞானத்தையும், வலியவர் தம் வலிமையையும், செல்வர் தம் செல்வத்தையும் குறித்துப் பெருமை பாராட்டலாகாது என்கிறார். நம் மறையுரைகள் இவ்விடத்தோடு நின்றுவிடுகின்றன. எரேமியா நிற்கவில்லை. பெருமை பாராட்ட விரும்புபவர் ஆண்டவரை அறிந்திருப்பதைக் குறித்துப் பெருமை பாராட்டட்டும் என்று அதே வினையை மீண்டும் எடுத்து ஏவலாகச் சொல்கிறார். அந்த ஆண்டவர் எப்படிப்பட்டவர் என்பதையும் சொல்லாமல் விடவில்லை: மண்ணுலகில் பேரன்பையும் நீதியையும் நேர்மையையும் நிலைநாட்டுபவர், அவற்றில் மகிழ்பவர்.

இங்கு எபிரேய மூலத்தில் உள்ள வினை ‘ஹாலல்’ என்னும் வேரிலிருந்து வருவது. இவ்வேர் நமக்கு அந்நியமன்று. பாஸ்காத் திருவிழிப்பில் தொண்டை கிழியப் பாடுகிறோமே ‘அல்லேலூயா’, அதன் முற்பகுதி இதே வேர்தான். போற்று, புகழ், கொண்டாடு என்பது அதன் பொருள். அவ்வினையைத் தன்மீதே திருப்பிக்கொள்ளும் வடிவத்தில் சொன்னால் ‘தன்னைப் போற்றிக்கொள்’, ‘பெருமை பாராட்டு’ என்றாகிறது. ஆக, விவிலியத்தின் பார்வையில் புகழ்ச்சிப் பாடலும் பெருமை பாராட்டலும் ஒரே வேரில் கிளைத்தவை. மனிதருக்கு வாயெல்லாம் நிறைந்து எதையாவது கொண்டாடாமல் இருக்க முடியாது. எதைக் கொண்டாடுகிறார் என்பதைத்தான் இறைவாக்கினர் கேட்கிறார். கொண்டாடுகிற வாயை அடைக்கச் சொல்லவில்லை.

இன்னொரு சாயலும் இச்சொல்லுக்கு உண்டு. லூத்தரன் மரபைச் சேர்ந்த செருமானிய அறிஞர் ருடால்ப் புல்ட்மன் புதிய ஏற்பாட்டு அகராதிக்கென இச்சொல்லைப் பற்றி எழுதியபோது, ஒருவர் எதைக் குறித்துப் பெருமை பாராட்டுகிறாரோ அதன்மீதுதான் அவர் நம்பிக்கை வைத்திருக்கிறார் என்ற கூற்றை அழுத்தமாக எடுத்துக் காட்டினார். அவருடைய பிற கருத்துகளில் பலவற்றை நாம் ஏற்பதில்லை. இதை ஏற்காதிருக்க வழியில்லை. பிலிப்பியர் 3ஆம் அதிகாரத்தில் பவுலடியாரே இரண்டையும் அடுத்தடுத்து வைக்கிறார்: கிறிஸ்து இயேசுவில் பெருமை பாராட்டுகிறோம், ஊனியல்பில் நம்பிக்கை வைப்பதில்லை என்று. ஊனியல்பு என்று அவர் எதைச் சொன்னார்? எட்டாம் நாள் விருத்தசேதனம், இஸ்ரயேல் இனம், பென்யமின் குலம், எபிரேயப் பெற்றோர், பரிசேயர் நெறி. இவையாவும் பிறப்பாலும் குலத்தாலும் வளர்ப்பாலும் வந்தவை. இவற்றை அவர் பின்னர் குப்பை என்றே கூறிவிட்டார்.

நம் திருச்சபையின் பொதுச்சங்கமும் இதை நன்கறியும். 1547 சனவரியில் திரிதெந்தீன் பொதுச்சங்கம் ஏற்புடைமை பற்றிய ஆணையை வெளியிட்டபோது, நற்செயல்களின் பேறுபலனை ஐயத்துக்கிடமின்றிப் போதித்தது. போதித்த அதே அதிகாரத்தில், கிறிஸ்தவர் எவரும் ஆண்டவரில் அல்லாமல் தம்மில் நம்பிக்கை வைப்பதும் தம்மில் பெருமை கொள்வதும் அறவே ஆகாது என்று எச்சரிக்கையும் செய்தது. நம்பிக்கை, பெருமை ஆகிய இரு வினைகளையும் அது பிரிக்காமல் ஒன்றாகவே வைத்தது. அதற்கும் முன்பே புனித அகுஸ்தினார், மனிதரிடம் பெற்றுக்கொள்ளாத ஒன்று என்ன இருக்கிறது என்ற பவுலடியாரின் கேள்வியில் (1 கொரி 4:7) இடறி நின்று, நம்பிக்கையின் தொடக்கமும் அருளே என்ற முடிவுக்கு வந்தார். அக்கேள்வியின் பின்பாதியில் உள்ள வினை எது? ‘கௌக்காஓமாய்’தான். பெற்றுக்கொண்டிருந்தும் பெறாதவர் போல் ஏன் பெருமை பாராட்டுகிறாய் என்பது கேள்வி. குற்றம் பெருமையில் இல்லை. ‘பெறாதவர் போல்’ என்பதில் இருக்கிறது.

இனி, இக்கேள்வி எந்த ஊரில் கேட்கப்பட்டது என்று பார்ப்போம். கொரிந்து நகரைக் கி.மு. 146இல் உரோமையர் அழித்தனர். கி.மு. 44இல் யூலியுஸ் சீசர் அதை உரோமைக் குடியேற்ற நகராக மீண்டும் நிறுவினார். குடியேறியோருள் அடிமை நிலையிலிருந்து விடுதலை பெற்றோர் பலர். புது ஊர், புதுப் பணம், புதுப் பதவி. இத்தகைய ஊரில் கல்வெட்டுகளுக்குப் பஞ்சமிராது. அந்நகரின் பொது மன்றத்தில் பாபியுஸ் பிலீனுஸ் என்பவர் எழுப்பிய வட்ட மண்டபம் ஒன்றன் சிதைவுகள் கிடைத்துள்ளன. அதன் கல்வெட்டு சொல்வது இது: இம்மண்டபத்தை அவர் தம் சொந்தச் செலவில் கட்டினார், நகர ஆட்சியாளர் என்ற முறையில் அதற்கு ஒப்புதல் அளித்தவரும் அவரே! கட்டியவரும் தாமே, பார்த்துச் சரியென்றவரும் தாமே. அக்கல்வெட்டில் அவருடைய தந்தையின் பெயர் இல்லாமையால் அவர் விடுதலை பெற்ற அடிமையாக இருந்திருக்கலாம் என்று ஆய்வாளர் கருதுவர். அப்படியானால் அந்த மனிதர்மீது நமக்கு ஓரளவு இரக்கமும் தோன்றத்தான் செய்யும். தந்தை பெயர் எழுத வழியில்லாதவர் தம் பெயரையாவது கல்லில் எழுதிக்கொண்டார். 1929இல் அதே ஊரில் கிடைத்த மற்றொரு கல்வெட்டு, எரஸ்து என்ற அதிகாரி தம் பதவிக்கு ஈடாகச் சொந்தச் செலவில் தளம் பாவியதைச் சொல்கிறது. நம் ஆலய வாசல்களில் ‘உபயம்’ படித்துப் பழகிய கண்களுக்கு இவற்றில் வியப்பேதும் இராது.

இந்த ஊரில்தான் பவுலடியார் தம் முதல் திருமுகத்தின் தொடக்கத்தில் எரேமியாவின் மூவரையும் திரும்ப அழைக்கிறார். அழைக்கும்போது ஓர் ஆளை மாற்றிவிடுகிறார். இதை எத்தனை பேர் கவனித்திருப்போம்? எரேமியாவில் ஞானி, வலியவர், செல்வர். பவுலில் ஞானி, வலியவர், உயர்குடிப் பிறந்தவர் (1 கொரி 1:26). செல்வரின் நாற்காலியில் குலப்பெருமையைக் கொண்டுவந்து உட்கார வைத்துவிட்டார்! அழைக்கப்பட்டபோது உங்களுள் இத்தகையோர் பலர் இல்லையே என்கிறார். அதோடும் விடவில்லை. கடவுள் தேர்ந்துகொண்டவற்றின் பட்டியலில் குலமற்றவை என்று பொருள்படும் ஒரு கிரேக்கச் சொல்லைச் சேர்க்கிறார். இகழப்பட்டவை, ஒன்றுமில்லாதவை என்று அதை நீட்டுகிறார். எந்த மனிதரும் கடவுள்முன் பெருமை பாராட்டாதபடிக்கு இவ்வாறு செய்தார் என்கிறார். உடனே அடுத்த மூச்சில், பெருமை பாராட்டுபவர் ஆண்டவரைக் குறித்தே பெருமை பாராட்டட்டும் என்று எரேமியாவின் ஏவலோடு முடிக்கிறார். ஒரே பத்தியில் ஒரே வினை ஒருமுறை மறுக்கப்படுகிறது, ஒருமுறை கட்டளையாக்கப்படுகிறது. குலமற்றோரின் தலை இதனால் நிமிர வேண்டுமா, குனிய வேண்டுமா?

யாக்கோபு இதற்கு ஒளிவுமறைவின்றி விடை தருகிறார். தாழ்நிலையில் உள்ள சகோதரர் தம் உயர்வைக் குறித்துப் பெருமை பாராட்டட்டும், செல்வரோ தம் தாழ்வைக் குறித்துப் பெருமை பாராட்டட்டும் என்பது அவர் வாக்கின் கருத்து (யாக் 1:9-10). நம்மிடையே இது தலைகீழாக அல்லவா நடக்கிறது? தாழ்ந்தோருக்குத் தாழ்ச்சியும் உயர்ந்தோருக்குப் பொன்னாடையும் போதிக்கிறோம்.

கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் திருமுகத்துக்கு வருவோம். பரிந்துரைக் கடிதங்களோடும் நாவன்மையோடும் வந்திறங்கிய சில போதகர்கள் அச்சபையைக் கவர்ந்துவிட்டனர். ‘மாபெரும் திருத்தூதர்கள்’ என்று பவுலடியார் அவர்களைக் குத்தலாகக் குறிப்பிடுகிறார். அவர்களோடு ஒப்பிட இவர் பேச்சில் வன்மையில்லை, தோற்றத்தில் கவர்ச்சியில்லை, கூலியும் வாங்குவதில்லை. கூலி வாங்காதவருக்கு மதிப்பேது? ஆகவே தாமும் பெருமை பாராட்டுவதாகவும், ஆனால் அறிவிலி போல் அதைச் செய்வதாகவும் முன்னறிவித்துவிட்டுத் தொடங்குகிறார். பதவியில் இருந்தோர் வெற்றிகளையும் விருதுகளையும் எண்ணிட்டு அடுக்குவது அக்கால வழக்கு. பவுலடியாரும் எண்ணிடுகிறார்: ஒன்று குறைய நாற்பது கசையடிகள், ஐந்து முறை, தடியடி, மூன்று முறை, கல்லெறி, ஒருமுறை, கப்பற்சேதம், மூன்று முறை, பசி, தாகம், குளிர், ஆடையின்மை. பாராட்டு மடலின் வடிவத்தில் வடுக்களின் கணக்கு!

பட்டியலின் உச்சியில் எதை வைக்கிறார் தெரியுமா? தமஸ்கு நகரில் அரேத்தா மன்னரின் ஆளுநர் தம்மைப் பிடிக்கக் காவல் வைத்திருந்தபோது, மதில் சன்னல் வழியாகத் தம்மைக் கூடையில் வைத்து இறக்கிவிட்டார்கள், தப்பினேன் என்கிறார் (2 கொரி 11:32-33). இது என்ன பெருமை? இரவோடிரவாக ஓடியவரின் கதையல்லவா? ஆனால் உரோமைப் படையில் ஒரு விருது இருந்தது. முற்றுகையிட்ட பகை நகரின் மதிலில் முதலில் ஏறும் வீரருக்கு மதில் வடிவில் செய்த பொன்முடி சூட்டுவார்கள். படையில் பெறத்தக்க உயர்ந்த மதிப்புகளுள் அதுவும் ஒன்று. உரோமைக் குடியேற்ற நகரில் வாழ்ந்த கொரிந்தியருக்கு அது தெரியாதிருக்க வாய்ப்பில்லை. மதிலில் முதலாவதாக ஏறியவருக்குப் பொன்முடி. நானோ மதிலிலிருந்து கூடையில் இறங்கியவன் என்று பவுலடியார் நகையாடுகிறார் என அறிஞர் சிலர் சுட்டுவர். எனக்கு இது மிகப் பொருத்தமாகவே படுகிறது. கூடையின் கயிற்றை மேலே நின்று பிடித்திருந்தவர்களின் பெயர்கூட நமக்குத் தெரியாது. அவர்கள் கையில்தான் திருத்தூதரின் உயிர் தொங்கியது. தாம் பெற்றுக்கொண்டவர் என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்லும் காட்சி வேறேது?

இத்தகைய வலுவின்மைகளில் மகிழ்வோடு பெருமை பாராட்டுவேன், அப்போதுதான் கிறிஸ்துவின் வல்லமை என்மேல் தங்கும் என்று அவர் அடுத்த அதிகாரத்தில் முடிக்கிறார். ஒன்றைக் கருதுக: அடிபட்டதை ஒளிக்கவில்லை, அடித்தவர்களையும் ஒளிக்கவில்லை. தடியடி தந்த ஆட்சி, தமஸ்கின் ஆளுநர், யாவரும் பட்டியலில் இருக்கிறார்கள். வலுவின்மையில் பெருமை பாராட்டுதல் என்பதை ‘பட்டதைச் சொல்லாமல் பொறுத்துக்கொள்’ என்று மொழிபெயர்ப்பவர்கள் பவுலடியாரை அறியாதவர்கள். அறிந்தும் சொல்வார்களாயின் அது வேறு கதை.

மொழிபெயர்ப்பு என்றதும் ஒரு குறையைச் சொல்லியாக வேண்டும். 1995இல் வெளிவந்த திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பு நமக்குக் கிடைத்த பெருங்கொடை. அதன் தமிழ் இனியது, தெளிவானது. ஆயினும் உரோமையர் திருமுகத்தில் இச்சொல் கைநழுவிவிட்டது. 3ஆம் அதிகாரத்தில் பெருமைக்கு இடமேது என்று கேட்டுப் பவுலடியார் ஒரு கதவை அடைக்கிறார். 5ஆம் அதிகாரத்தில் அதே சொல்லால், கடவுளின் மாட்சியை எதிர்நோக்கிப் பெருமை பாராட்டுகிறோம், துன்பங்களிலும் பெருமை பாராட்டுகிறோம் என்று வேறொரு கதவைத் திறக்கிறார். நம் மொழிபெயர்ப்போ முதலிடத்தில் பெருமை என்றும் இரண்டாமிடத்தில் மகிழ்ச்சி என்றும் போட்டுவிட்டது. அடைத்த கதவு தெரிகிறது. திறந்த கதவு தெரியவில்லை. சீர்திருத்த சபையினர் வழங்கிவரும் பழைய மொழிபெயர்ப்பு இவ்விடங்களிலெல்லாம் ‘மேன்மைபாராட்டுதல்’ என்ற ஒரே சொல்லை விடாப்பிடியாக ஆள்கிறது. அதன் நடை இன்று பலருக்குக் கடினமே. இந்த ஒன்றில் அவர்கள் செய்தது சரி. மகிழ்ச்சி என்பது உள்ளத்தின் நிலை, வீட்டுக்குள்ளிருந்தும் மகிழலாம். பெருமை பாராட்டல் வாயைத் திறந்து ஊரறியச் செய்வது. துன்புறும் மனிதர் ஊரறியத் தலைநிமிர்வது வேறு, உள்ளுக்குள் மகிழ்ந்துகொள்வது வேறு.

இலத்தீன் வுல்காத்தா இவ்விடங்களில் ‘குளோரியாரி’ என்ற வினையை ஆண்டது. ‘குளோரியா’ என்னும் மாட்சியின் வேரே அதற்கும் வேர். தமிழில் அத்தகைய சொல் இல்லையா என்றால், ‘பெருமை’யே அதுதான். வள்ளுவர் தம் நூலின் 98ஆம் அதிகாரத்துக்குப் ‘பெருமை’ என்று பெயரிட்டார். அதைப் பாவமாக அன்று, சான்றோரின் இயல்பாகவே பாடினார். அதே அதிகாரத்தில், தன்னைத் தானே வியந்து புனைந்துகொள்வதைச் ‘சிறுமை’யின் கணக்கில் எழுதினார். நாம்தாம் சிறுமையின் குற்றத்தைப் பெருமையின் தலையில் கட்டிவிட்டோம்.

‘அப்படியானால் பரிசேயரும் வரிதண்டுபவரும் உவமை என்னாயிற்று?’ என்று கேட்பார்கள். நல்ல கேள்வி. அந்தப் பரிசேயர் தம் இறைவேண்டலை எப்படித் தொடங்கினார் என்று லூக்கா நற்செய்தியின் 18ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். கடவுளுக்கு நன்றி சொல்லித்தான் தொடங்கினார்! ஆண்டவரின் பெயர் நாவில் இருந்தது. ஆனால் கண் எங்கே இருந்தது? பின்னால் நின்ற வரிதண்டுபவர்மேல் இருந்தது. பிறரைப் போலன்று, அந்த ஆளைப் போலவும் அன்று என்பதே அவருடைய நன்றியின் உள்ளடக்கம். கிரேக்கத்தில் இதற்கென்றே ஒரு கூட்டுவினை உண்டு: ‘காத்தாகௌக்காஓமாய்’, அதாவது ஒருவருக்கு எதிராக, ஒருவர்மேல் ஏறி நின்று பெருமை பாராட்டுதல். உரோமையர் 11ஆம் அதிகாரத்தில், ஒட்டப்பட்ட காட்டு ஒலிவக் கிளைகளாகிய பிற இனத்துக் கிறிஸ்தவர்களைப் பார்த்துப் பவுலடியார் இந்த வினையால்தான் எச்சரிக்கிறார்: முறிக்கப்பட்ட கிளைகளுக்கு எதிராகப் பெருமை பாராட்டாதீர்கள், வேரை நீங்கள் தாங்கவில்லை, வேரே உங்களைத் தாங்குகிறது.

ஆண்டவரின் பெயரை வைத்துக்கொண்டே இக்குற்றத்தைச் செய்யலாம் என்பதை அவர் மிக நன்றாக அறிந்திருந்தார். உரோமையர் 2:17இல், கடவுளைக் குறித்துப் பெருமை பாராட்டும் யூதரை அவர் இடித்துரைக்கிறார். 5:11இல் நாமும் கடவுளைக் குறித்துப் பெருமை பாராட்டுகிறோம் என்கிறார். சொற்கள் ஏறத்தாழ அவையே. இடையில் நேர்ந்தது என்ன? பின்னதில் ‘ஒப்புரவைப் பெற்றுத் தந்த நம் ஆண்டவர் இயேசு கிறிஸ்துவின் வழியாக’ என்ற கருத்துச் சேர்ந்திருக்கிறது. முன்னதில் கடவுள் ஓர் இனத்தின் உடைமை. பின்னதில் பகைவராயிருந்தோர் பெற்றுக்கொண்ட கொடை. இன்றைய செபக் கூட்டங்களின் சாட்சிய மேடையில் ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு, ஆண்டவர் எனக்கு வீடு கொடுத்தார், மகனுக்கு வெளிநாட்டு வேலை கொடுத்தார், எதிரியை வீழ்த்தினார் என்று சொல்வோரெல்லாம் ‘ஆண்டவரில் பெருமை’ என்ற வாக்கையே துணைக்கழைக்கிறார்கள். ஆண்டவர் பெயர் வந்துவிட்டதால் மட்டும் அது 5ஆம் அதிகாரமாகிவிடாது. 2ஆம் அதிகாரமாகவும் இருக்கக்கூடும்.

இதையெல்லாம்விடப் பெரிய காத்தாகௌக்காஓமாய் நம்மிடம் உண்டு. அதற்குச் சாதி என்று பெயர். ஒரே திருமுழுக்குத் தொட்டி, ஒரே நற்கருணை. கல்லறைக்குப் போனால் நடுவில் சுவர். தேர் எந்தத் தெருவுக்குள் போகும், எந்தத் தெருவின் முனையில் திரும்பிவிடும் என்ற வழக்கு. இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை 2016இல் தலித் மக்களுக்கான கொள்கை ஆவணத்தை வெளியிட்டு, திருச்சபைக்குள் இப்பாகுபாடு இருப்பதை ஒப்புக்கொண்டது. ஆவணம் வந்தது, சுவர்கள் எத்தனை இடிந்தன என்று ஒவ்வொரு பங்கும் தானே எண்ணிப் பார்க்கட்டும். பென்யமின் குலத்தையே குப்பையில் போட்ட திருத்தூதரின் திருமுகத்தை வாசக மேடையில் வாசித்துவிட்டு, திருமண ஓலையில் குலப்பெயரைக் கொட்டை எழுத்தில் அச்சிடுகிறோம்.

2022 மே 15 அன்று உரோமையில் புனித பேதுரு பேராலய வளாகத்தில் திருத்தந்தை பிரான்சிஸ் நம் மண்ணின் மறைச்சாட்சி ஒருவரைப் புனிதராக அறிவித்தார். 1752இல் ஆரல்வாய்மொழிக் காட்டில் சுட்டுக் கொல்லப்பட்டவர் அவர். நீண்ட காலம் அவர் பெயரோடு ஒட்டியிருந்த சாதிப் பட்டம் அப்போது இல்லை, முன்னரே நீக்கப்பட்டிருந்தது. நீக்கியதைக் குறித்து முணுமுணுத்தவர்களும் நம்மிடையே இருந்தார்கள். அவர் அறிவிக்கப்பட்ட பெயர் ‘லாசர் எனும் தேவசகாயம்’. லாசர் என்பது எபிரேயத்தில் ‘கடவுள் உதவினார்’ எனப் பொருள்படும் பெயரின் சுருக்கம்; அதன் தமிழாக்கமே தேவசகாயம். திருமுழுக்கில் பெற்ற பெயர் அது. பிறப்பால் வந்த பட்டமோ, எரேமியாவின் மூவரோடு பவுலடியார் சேர்த்த அந்த உயர்குடிப் பெருமை. இரண்டில் எதை அவர் தம் பெருமையாகக் கொண்டார் என்பதை அவர் பட்ட அடிகளும் சங்கிலியும் சொல்லும். எருமைமேல் ஏற்றி ஊர்வலமாகக் கொண்டுபோய் இழிவுபடுத்தினார்கள். கொரிந்தியர் இரண்டாம் திருமுகத்தின் பட்டியலில் சேர்க்கத்தக்க வரி அது.

பவுலடியாரின் பெருமையில் இன்னும் ஒரு பகுதி மீதியிருக்கிறது. தெசலோனிக்க மக்களை அவர் தம் பெருமையின் மணிமுடி என்கிறார் (1 தெச 2:19). கொரிந்தியரை நோக்கி, நாங்கள் உங்கள் பெருமை, நீங்கள் எங்கள் பெருமை என்கிறார் (2 கொரி 1:14). எருசலேம் ஏழைகளுக்கான நன்கொடைத் திரட்டின்போது கொரிந்தியரின் ஆர்வத்தை மாசிதோனியரிடம் பெருமையாகச் சொல்லிவிட்டு, பிறகு ‘சொன்னது பொய்த்துவிடப் போகிறதே, வந்து பார்ப்பவர்முன் நான் வெட்கப்படும்படி ஆகிவிடுமே’ என்று கவலைப்பட்டு ஆளனுப்புகிறார். படிக்கையில் சிரிப்பு வரும். பிள்ளைகளின் மதிப்பெண்ணை அண்டை வீட்டாரிடம் சொல்லிவிட்டுத் தவிக்கும் தந்தையின் நிலை அது. அடுத்தவரின் நன்மையை இப்படி வாயாரச் சொல்லும் பங்குத்தந்தையரும் ஆயர்களும் அன்பியப் பொறுப்பாளரும் நமக்கு வேண்டும். ‘என் காலத்தில் கட்டியது’ என்று கோபுரத்தைக் காட்டுவோருக்குக் குறைவில்லை.

இறுதியாக இரு வேண்டுகோள்கள். திருவிவிலியம் திருத்திய பதிப்புக் காணும் நாளில், உரோமையர் 5ஆம் அதிகாரத்தில் அந்தச் சொல்லை அதன் இடத்தில் மீண்டும் வைக்க வேண்டும். இயலாதெனில் ஓர் அடிக்குறிப்பாவது இடவேண்டும். மற்றொன்று நம் பாடகர் குழுக்களுக்கு. பெரிய வியாழன் மாலை ஆண்டவரின் இராவுணவுத் திருப்பலிக்குத் திருச்சபை வகுத்துள்ள வருகைப் பல்லவி, கலாத்தியர் 6:14ஐ அடியொற்றியது. ஆண்டவரின் சிலுவையே நம் பெருமை என்பது அதன் பொருள். பல ஆலயங்களில் அதை விட்டுவிட்டுக் கைக்கு வந்த வேறொரு பாடலைப் பாடித் தொடங்கிவிடுகிறார்கள். வரும் ஆண்டில் அதைப் பாடுங்கள். பாதம் கழுவப் பன்னிருவரைத் தேர்ந்தெடுக்கும்போது, ‘உபயம்’ எழுதப்பட்ட பெயர்களை விட்டுவிட்டு, கடைசிப் பகுதியில் தரையில் அமர்ந்திருப்பவர்களிலிருந்து தொடங்குங்கள்.